அம்புக்குறி காட்டிய பக்கம்

திருவொற்றியூர்
3 ஜூலை 2025

ரோஷன்,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா எழுதுகிறேன். என் பெயரைப் பார்த்ததுமே அழித்துவிட உன் கை போகும் என்று தெரியும். வாட்ஸப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். பெருநாளன்று நீ ஏதோ துறைமுகத்திலிருந்து பேசியபோது அம்மா போனை என்னிடம் நீட்டினாள், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். எல்லாம் சரி. இந்த ஒரு மெயிலை மட்டும் கடைசி வரை படித்துவிட்டு, அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

உன் பெண்டாட்டி ஃபரா மாத்தூர் வீட்டைக் காலி செய்து அடுத்த தெருவுக்கு மாறியது உனக்குத் தெரியும். பீரோவை ஒழித்தபோது உன் துணிக்கு அடியில் ஒரு சிடி கிடைத்திருக்கிறது. நேராக என் ஸ்கேன் சென்டருக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "இத இன்னாக்கா பண்றது? தூக்கிப் போட்டுடவா, பத்திரமா வெச்சிக்கவா?" என்று கேட்டாள். நீ கப்பலேறுவதற்கு முன்னால் எடுத்த வயிற்று ஸ்கேன். ஊரார் வயிற்றுப் படங்களைப் பார்த்துச் சொல்வதே உன் அக்காவின் பிழைப்பு. நீ எனக்குத் தெரியாமல் மாத்தூரில் போய் எடுத்திருக்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும், அதை இப்போது கிளறவில்லை.

அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சும்மா போட்டுப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இந்த ஸ்கேன் உடம்பைப் பிரெட் சீவுவது போலக் குறுக்கே சீவிச் சீவிக் காட்டும். ஒவ்வொரு சீவலிலும் ரத்தக்குழாய் ஒரு வட்டமாகத்தான் தெரியும். குடலும் வட்டம், கட்டியும் வட்டம். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு எந்த வட்டத்துக்கும் பெயர் வைக்கக் கூடாது. மேலே நகர்த்தி, கீழே நகர்த்தி, அது எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று விடாமல் பின்னாலேயே போக வேண்டும். மாத்தூர் ரிப்போர்ட்டில் இடது சிறுநீரகத்தில் சின்னக் கல், கணையத்தின் வால் பக்கம் சுண்ணாம்பு படிந்த நீர்க்கட்டி, பயமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கல்லைத் தேடியவர் கல் கிடைத்ததும் எழுந்து போய்விட்டார். நான் அந்த நீர்க்கட்டிக்குப் பின்னாலேயே போனேன்.

அது நீர்க்கட்டி இல்லை, ரோஷன். மகாதமனியிலிருந்து பிரிந்து, இரைப்பைக்குப் பின்னால் வளைந்து வளைந்து மண்ணீரலுக்குப் போகிற ரத்தக்குழாய் அந்த வட்டத்துக்குள் நுழைகிறது, அடுத்த முனையில் வெளியே வருகிறது. குழாயின் சுவர் மெலிந்து, அந்த இடத்தில் மட்டும் உப்பியிருக்கிறது. பெரிய நெல்லிக்காய் அளவு. ரத்தத்தில் மருந்து ஏற்றாமல் எடுத்த ஸ்கேன் என்பதால் அவர் கண்ணுக்குத் தப்பியது. மருந்து ஏற்றி இன்னொரு தடவை எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனால் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த அளவு உப்பினால் விட்டுவைக்கக் கூடாது. வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கம்பிச் சுருள் வைத்து அடைத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்கக்கூட வேண்டாம். கேப்டனிடம் சொல்லி அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடு.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கப்பல் மெயில் கனம் தாங்காது என்று ஃபரா சொன்னாள். ஓரங்களை வெட்டிச் சிறிதாக்கி, அந்த வட்டத்துக்கு அம்புக்குறி போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் வயிற்றில் வலி வந்தாலோ, அந்தப் பக்கத் தோள் வரை வலி இழுத்தாலோ, ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதே.

யாரிடமும் சொல்லவில்லை. ஃபராவிடம்கூட "பழைய படம், வெச்சிட்டுப் போ" என்றுதான் சொன்னேன். பதில் போடு.

ரிஃபானா

*

5 ஜூலை 2025

டாக்டரம்மாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடைசி வரை படித்துவிட்டேன். அழிக்கலாம் என்றுதான் போனேன், படம் இருந்ததால் வைத்திருக்கிறேன். தன் வயிற்றுக்குள் இருப்பதைத் தானே பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

உனக்குத் தெரியாமல் மாத்தூரில் ஏன் எடுத்தேன் என்பதைக் கிளறவில்லை என்கிறாய். நான் கிளறுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறும் முன் மெடிக்கல் பார்த்த டாக்டர் உன் கூடப் படித்தவர். நான் பாஸாகி வெளியே வந்துவிட்டேன். நீ போன் போட்டு, என் தம்பிக்குக் கல் வலி வருகிறது, பிரஷரும் கொஞ்சம் ஏறுகிறது, நன்றாகப் பாருங்கள் என்று அக்கறையாகச் சொன்னாய். அவர் நன்றாகப் பார்த்தார். கப்பல் வேறொருவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எட்டு மாசம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சாத்தாங்காட்டில் அத்தாவின் இரும்புக் கடையில் போய் நின்றால், லோடுமேன்கூட, "இன்னா செக்கண்ட் இன்ஜினியரு, கப்பல் கெளம்பலியா?" என்று கேட்பான். வேலை போன பேஜாரைவிட அதுதான் பெரிய பேஜாராக இருந்தது.

இப்போது பழைய இடத்துக்கே வந்திருக்கிறேன். சீஃப் இன்ஜினியர் அடுத்த மாசம் இறங்குகிறார், அவர் இடத்துக்கு என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த நேரத்தில் கேப்டனிடம் போய் என் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் இருக்கிறது என்று சொல்லச் சொல்கிறாய். சொன்னால் இறக்கிவிடுவார்கள். ஒரு தடவை உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டால் அந்த எழுத்து என் சாவு வரைக்கும் கூடவே வரும்.

நீ அம்பு காட்டியிருக்கிற பக்கம் கை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சோறு தின்னுகிறேன், தூங்குகிறேன், மூன்று மாடி ஏணியை ஒரே மூச்சில் ஏறுகிறேன்.

இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருக்கிறோம். எங்கள் கப்பல் ஒரு கிழம். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கேப்டன் பொத்தானை அழுத்துவார். சேர்ந்திருக்கிற மெயில் போகும், வரும். நடுவில் நீ தலைகீழாக நின்றாலும் எனக்கு எதுவும் வராது. அதனால் பதில் வரவில்லை என்று கம்பெனிக்கு போன் போட்டுவிடாதே. போட்டாய் என்று தெரிந்தால், எனக்கு அக்கா என்று ஒருத்தி இருந்ததையே மறந்துவிடுவேன். நிஜமாகச் சொல்கிறேன்.

ரோஷன்

*

திருவொற்றியூர்
6 ஜூலை 2025

ரோஷன்,

முதலில் அழுத்திப் பார்ப்பதை நிறுத்து. அது என்ன மாம்பழமா, பழுத்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்க? எங்கள் டாக்டர்களே அந்த இடத்தில் பயந்துகொண்டுதான் கை வைப்பார்கள். அதோடு, அது ஆழத்தில் இருக்கிறது, கைக்கு அகப்படாது. அகப்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

அந்தக் கப்பல் போனது என்னால்தான். நூறு தடவை சொல்லிவிட்டேன், நீ ஒரு தடவையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அன்றைக்கு நீ என்னைப் பார்த்து, "நீ டாக்டர் இல்லே, போலீஸ்காரி" என்று கத்தியது இன்னும் என் காதில் கேட்கிறது. இருக்கட்டும். இந்தத் தடவை அல்லாஹ் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், உன்னைக் கேட்காமல் கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். போதுமா?

ஆனால் இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். போன வருஷம் சாத்தாங்காட்டு இரும்பு யார்டிலிருந்து கமாலுதீன் என்று ஒருவர் எங்களிடம் வந்தார். தகடு ஏற்றுகிறவர், உன் வயதுதான். காலையில் வயிற்றில் சுருட்டிப் பிடித்த வலி, வேர்த்து விழுந்துவிட்டார் என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் முறை வருவதற்குள் வலி நின்றுவிட்டது. "வலி வுட்டுச்சி டாக்டர். ஒரு லோடு கீது, முட்ச்சிட்டு சாய்ங்காலமா வர்றேன்" என்று எழுந்து நடந்தே போனார். சாயங்காலம் அவரை ஆம்புலன்ஸில்தான் கொண்டுவந்தார்கள். எனக்குப் படம் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது, உனக்கு இருக்கிற அதே வீக்கம்தான். இந்த வீக்கத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முதலில் கொஞ்சமாகக் கசியும். இரைப்பைக்குப் பின்னால் ஒரு பை மாதிரி இடம் இருக்கிறது, அந்த ரத்தம் அதற்குள் தேங்கி, தேங்கிய ரத்தமே ஓட்டையை அழுத்தி அடைத்துக்கொள்ளும். வலி நிற்கும். ஆள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பான். சில மணி நேரமோ, ஒன்றிரண்டு நாளோ கழித்து அடைப்பு விட்டுப்போகும். அப்போது நாங்கள் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. ஆகிறவர்களுக்குக் கிடைக்கிற அவகாசம் அந்த நடு நேரம் மட்டும்தான்.

அதனால் என்றைக்காவது "வலி வந்தது, போய்விட்டது அக்கா" என்று நீ எழுதினால் எனக்கு உயிரே போய்விடும். நினைவில் வைத்துக்கொள்.

சரி, கேப்டனிடம் சொல்ல வேண்டாம். உன் கப்பல் இந்தியாவுக்குத்தானே வருகிறது? எந்தத் துறைமுகம்? கப்பல் கரையில் நிற்கும்போது ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு நீயே இறங்கி வா. படம் எடுத்துப் பார்ப்போம். என் தோழி எழில்மொழி இந்தக் கம்பிச் சுருள் வேலையில் கெட்டிக்காரி, அவளிடம் நாள் கேட்டு வைக்கிறேன். அப்புறம் கம்பெனிக்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று உன் இஷ்டத்துக்கு விடுகிறேன்.

கனமாக எதையும் இழுக்காதே, தூக்காதே. உனக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், இல்லையா?

ரிஃபானா

*

9 ஜூலை 2025
நடுக்கடல்

அக்கா,

கமாலுதீன் கதையை எழுதியிருக்க வேண்டாம். எனக்கு அவரைத் தெரியும். அத்தா கடைக்குத் தகடு ஏற்ற வருவார், வந்தால் என்னிடம் ஒரு பீடி கேட்பார். செத்துப்போனார் என்று தெரியும், எதனால் என்று தெரியாது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. சமையல்காரர் கோவாக்காரர், என் தட்டைப் பார்த்துவிட்டு மீன் குழம்பு சரியில்லையா என்று கேட்டுக் கேட்டு வருத்தப்படுகிறார்.

சரி, வருகிறேன். எந்தத் துறைமுகம் என்று கேட்டாயே, சிரிக்காதே. எண்ணூர். உலகத்தில் இத்தனை துறைமுகம் இருக்க, இந்த நிலக்கரியை நம் வீட்டு வாசலில்தான் கொட்டப் போகிறோம். சுமை இறக்க எப்படியும் ஓரிரு நாள் ஆகும். கப்பலைக் கரையோரப் பெர்த்தில் கட்டியதும் ஃபராவைப் பார்க்கிறேன் என்று லீவு வாங்கிக்கொண்டு நேராக உன்னிடம் வந்துவிடுகிறேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் நீ எனக்கு ஆட்டுக்கால் பாயாவும் ஆப்பமும் செய்து தர வேண்டும். இருக்கிறது என்றால், அப்போதும் செய்து தர வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் போட்டிருக்கிறாய், நம்புகிறேன்.

தூக்காதே இழுக்காதே என்கிறாய். ஒரு ஜெனரேட்டர் மக்கர் செய்கிறது, துறைமுகம் போவதற்குள் பிரித்து மாட்ட வேண்டும். ஆட்கள் இருக்கிறார்கள், எல்லாம் நண்டு சிண்டு. நான் சும்மா நின்றுகொண்டு கை நீட்டி வேலை வாங்கினால் சீஃப் ஆகப் போகிற திமிர் என்பார்கள். பார்த்துச் செய்கிறேன்.

தினமும் குளித்துவிட்டு வந்து உன் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்பு காட்டிய பக்கத்தைக் கண்ணாடியில் பார்க்கிறேன். அழுத்தவில்லை, பார்க்க மட்டும்தான் செய்கிறேன். அந்தப் பக்கம் அமைதியாகத்தான் இருக்கிறது. தோளும் அப்படியே. ஏதாவது ஆனால் கேப்டன் கதவைத் தட்டுவேன், போதுமா?

அம்மாவிடம் நான் வருவதாகச் சொல்லாதே. திடீரென்று போய் நிற்க வேண்டும்.

ரோஷன்

*

திருவொற்றியூர்
13 ஜூலை 2025

என் கண்ணு ரோஷன்,

நீ "அக்கா" என்று எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கிண்டல் செய்வாய்.

எழில்மொழி தயாராக இருக்கிறாள். படத்தைக் காட்டினேன். அவளும் என்னைப் போலவே மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "எப்ப வர்றார்?" என்று மட்டும்தான் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

உன் கப்பல் நங்கூரம் போட்டுவிட்டது என்று தெரியும். கப்பல்களுக்குக் கரை வேலை பார்க்கிற ஏஜென்ட் ஃப்ரெடி எங்கள் சென்டருக்கு மாலுமிகளைப் படம் எடுக்க அனுப்புவார். பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன், உன் பெயரைச் சொல்லவில்லை. நிலக்கரி பெர்த்தில் ஏற்கெனவே கப்பல் நிற்கிறதாம், உங்களுக்கு முன்னால் இன்னொன்று காத்திருக்கிறதாம். "அது இன்னா டாக்டர், நாளைக்கும் ஆவும், மூணு நாளும் ஆவும்" என்றார்.

மொட்டை மாடிக்குப் போனால் கடலில் வரிசையாக நிற்கிற கப்பல்கள் தெரிகின்றன. எது உன்னுடையது என்று தெரியவில்லை. எல்லாமே ஒன்று போலக் கறுப்பாக, அசையாமல் நிற்கின்றன. இவ்வளவு பக்கத்தில் இருக்கிறாய், ஒரு போன் பேச முடியவில்லை. உன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்யாததால் சிம் செத்துவிட்டது என்று ஃபரா சொன்னாள். ஏழு மாசமாக ஒரு ரீசார்ஜ் செய்யத் துப்பில்லையா உனக்கு?

ஒரு வழி இருக்கிறது. பெர்த்துக்குக் காத்திருக்காமல் லாஞ்ச் படகில் இறங்கிவிடு. பல் வலி என்று சொல், காது வலி என்று சொல், பொய்யை அல்லாஹ் மன்னிப்பான். பணம் நான் கட்டுகிறேன். எனக்கு மனசே சரியில்லை. காரணம் கேட்காதே, சரியில்லை.

அக்கா

*

15 ஜூலை 2025, காலை
எண்ணூர், வெளி நங்கூரம்

அக்கா,

டெக்கில் நின்றால் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிகின்றன. காற்று திரும்பினால் எண்ணூர் வாசனைகூட வருகிறது, ஏழு மாசம் கழித்து அதுவும் மணமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன் சிக்னல் இங்கே எட்டவில்லை. ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கப்பலின் நுனிக்கும் வாலுக்கும் அலைகிறான்.

பல் வலி, காது வலிக்கெல்லாம் லாஞ்ச் வராது. கேப்டன் தானே மாத்திரை கொடுத்துவிடுவார். பெர்த் நாளைக் காலை என்று சொல்லியிருக்கிறார்கள். நாளை மத்தியானம் உன் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று சொல்கிறேன், பதறாதே. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

நேற்று மத்தியானம் ஜெனரேட்டர் வேலையில், செயின் பிளாக்கில் ஒரு கனத்தை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வயிற்றின் மேல் பக்கம் யாரோ உள்ளே கையை விட்டுத் திருகுகிற மாதிரி ஒரு வலி. வேர்த்துக் கொட்டியது, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இன்னா சார் ஆச்சு?" என்று பையன்கள் ஓடிவந்தார்கள். எனக்குக் கமாலுதீன் ஞாபகம்தான் வந்தது. உன் பேச்சைக் கேட்கத்தான் செய்தேன் அக்கா. கையைத் துடைத்துக்கொண்டு கேப்டன் கேபின் வாசல் வரைக்கும் போய்விட்டேன். தட்டக் கையைத் தூக்கியும் விட்டேன். அப்போதுதான், எதற்கும் சரியாகப் பார்த்துவிடுவோம் என்று செல்போனில் உன் படத்தைத் திறந்தேன்.

உன் அம்பு வலது பக்கத்தைக் காட்டுகிறது. எனக்கு வலித்தது இடது பக்கம்.

மூச்சே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்த வாசலிலேயே நின்று சிரித்தேன். இடது பக்கம் என்றால் என் பழைய கல், மாத்தூர் ரிப்போர்ட்டிலேயே இடது என்றுதான் இருக்கிறது. நீ சொன்னபடி தோளையும் கவனித்தேன். அந்தப் பக்கத் தோள், அதாவது வலது தோள், ஜம்மென்று இருக்கிறது. இடது தோளில்தான் கடுப்பு, அது செயின் இழுத்ததால் வந்தது. திரும்பி வந்து ஒரு மணி நேரம் படுத்தேன், வலி சுத்தமாக நின்றுவிட்டது. சாயங்காலம் சோறும் தின்றேன்.

உன் பக்கம் இல்லாத வலி என்பதால்தான் இதை எழுதத் தைரியம் வந்தது. இல்லாவிட்டால் மறைத்திருப்பேன். கத்தாதே.

ரோஷன்

*

எண்ணூர்
15 ஜூலை 2025, பிற்பகல்

ரோஷன்,

உன் பக்கமேதான். இடதுதான். உன் இடது பக்கம்தான்.

எங்கள் படங்களை அப்படித்தான் வைப்போம். நோயாளி மல்லாந்து படுத்திருக்க, அவன் காலடியில் நின்று மேலே பார்க்கிற மாதிரி. அவன் இடது, படத்தில் எங்களுக்கு வலப் பக்கம் வரும். எதிரே நிற்கிற ஆளின் இடது கை உன் வலப் பக்கம் இருப்பதைப் போல. உலகம் பூராவும் இதுதான் வழக்கம். கண் பழகிப் பழகி, வேறு எப்படியாவது ஒருவர் பார்க்கக்கூடும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. படத்தின் ஓரத்தில் எது வலது என்று காட்ட ஒரு எழுத்து இருக்கும். மெயில் கனக்கக் கூடாது என்று அதையும் நானே வெட்டி எறிந்தேன். "இடது" என்ற ஒரு வார்த்தையை எழுதாமல், "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். நீ கேப்டன் வாசலிலிருந்து திரும்பிப் போனாய்.

கப்பல்காரனுக்கு இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. போர்ட் சைடு, ரோஷன், கப்பலின் இடது. பார்க்கிறவன் எங்கே நின்றாலும் கப்பலின் போர்ட் சைடு போர்ட் சைடுதானே? அந்த வீக்கம் உன் போர்ட் சைடில் இருக்கிறது. உனக்கு வலித்தது அதுதான். வலி நின்றது அந்தப் பை அடைத்துக்கொண்டதால். தோள் கடுப்பது செயினால் இல்லை, உள்ளே ரத்தம் இருப்பதால். படுக்கையை விட்டு எழுந்திருக்காதே. ஏணியில் ஏறாதே. யாரையாவது கூப்பிட்டுக் கேபினிலேயே உட்கார வைத்துக்கொள்.

காலையில் உன் மெயில் வந்தபோது நான் ஒரு நோயாளியோடு உள்ளே இருந்தேன். வெளியே வந்து படிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. இது உனக்கு மாலை மெயிலில்தான் வரும் என்று தெரியும். அதனால் சத்தியத்தை உடைத்துவிட்டேன். கப்பலின் சாட்டிலைட் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன், லைன் விழவில்லை. ஃப்ரெடி வீட்டுக்கே ஓடினேன். உன் பெயரைச் சொன்னேன், என் தம்பி என்று சொன்னேன், வயிற்றுக்குள் ரத்தக்குழாய் வெடிக்கப் போகிறது, உடனே இறக்குங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். கம்பெனிக்கும் சொல்லிவிட்டார்கள். லாஞ்ச் கிளம்பிவிட்டது. எழில்மொழி ஆஸ்பத்திரியில் தயாராக நிற்கிறாள். நான் படகுத்துறையில் ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டு இதைத் தட்டுகிறேன். ஃபராவும் பக்கத்தில்தான் இருக்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு. கரைக்கு வந்து படு. அக்காவே இல்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொல். லாஞ்சில் மட்டும் ஏறிவிடு.

அக்கா

*

15 ஜூலை 2025, மாலை
எண்ணூர், வெளி நங்கூரம்

அக்கா,

சொல்லிவிட்டாய். கேப்டன் என்னைக் கூப்பிட்டு, உன் அக்கா ஏஜென்ட் வீட்டு வாசலில் அழுதாளாம், உன் வயிறு வெடிக்கப் போகிறதாம், கீழே லாஞ்ச் நிற்கிறது என்றார். லாஞ்ச்காரர் கொண்டுவந்த ஏஜென்ட் சீட்டில் கம்பெனியும் கேட்கிறது என்று இருந்தது. சீஃப் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

காலையில் எழுதியதை நீ ஒழுங்காகப் படிக்கவில்லை. வலி என்ற ஒரு வார்த்தையைப் பார்த்ததும் ஓடியிருப்பாய்.

ஆனால் சமாளித்துவிட்டேன். கேப்டனிடம் உன் படத்தையே காட்டினேன். "டாக்டர் என் அக்காதான் சார், அம்பு போட்டதும் அவள்தான். அம்பு எந்தப் பக்கம் பாருங்கள், எனக்கு வலித்தது எந்தப் பக்கம் பாருங்கள்" என்றேன். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் வயிற்றையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆமாம், இது வேறு அது வேறு என்று ஒத்துக்கொண்டார். இப்போது வலி எதுவும் இல்லை, இறங்க விருப்பமில்லை, காலையில் பெர்த்தில் கட்டியதும் டாக்டரைப் பார்க்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். லாஞ்சைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிறையத் திட்டி எழுதினேன், அழித்துவிட்டேன். அந்த லாஞ்ச் ஏணியடியில் வந்து நின்றபோது மேலிருந்து எட்டிப் பார்த்தேன். எனக்காக ஒருத்தி கரையில் நிற்கிறாள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக உன்னை மன்னிக்கிறேன். போலீஸ்காரி என்று சொன்னதை நீயும் மறந்துவிடு.

நாளை வருகிறேன். பாயாவுக்குக் கால் வாங்கி வை, அம்மாவிடம் சொல்லாதே. ஃபராவிடம் பச்சைச் சட்டையை எடுத்து வைக்கச் சொல்.

இடது தோள்தான் விண்விண் என்று தெறிக்கிறது, தைலம் தேய்த்தும் கேட்கவில்லை. குளிராகவும் இருக்கிறது. இன்ஜின் ரூமில் வேகிறவனுக்கு எண்ணூரில் குளிர் என்றால் நீ நம்புவாயா?

கேப்டன் மெயில் பொத்தானை அழுத்தப் போகிறார், முடித்துக்கொள்கிறேன். இது போகும்போதே உன் மெயிலும் வந்து விழும், திட்டித்தான் எழுதியிருப்பாய். காலையில் படித்துக்கொள்கிறேன். இப்போது கொஞ்சம் படுக்கிறேன்.

தம்பி
ரோஷன்